பதினாலாம் நம்பர் அட்டை

“கல்லைப் பத்தி நீ பேசாதே! சீப்பைப் பத்திப் பேசு, கைகட்டிக் கேட்டுக்கறேன்!”

கமீல் போட்ட சத்தத்தில் அடுப்போரம் படுத்திருந்த நாய் எழுந்து, ஆளைப் பார்த்துவிட்டு, இடம் மாறிப் படுத்துக்கொண்டது.

“சீப்புதானே போன வருஷம் ஜெயிச்சுது? உங்க கல்லு என்ன ஜெயிச்சுது?” என்றான் ஃபிர்மின். அவன் எவ்வளவு கத்தினாலும் தலைமுடி மட்டும் கலையாது. கமீலின் எரிச்சலில் பாதி அதனால்தான்.

“அது குருட்டு அதிர்ஷ்டம்யா! சைக்கிள்ல செயின் எந்தப் பக்கம்னு கேட்டா முழிப்பே!”

“செயினைப் பாத்து எனக்கு என்ன ஆகணும்? பேப்பர்ல ஒரு வீரன் போட்டோ பாத்தேன். பின்கழுத்துல முடி ஒழுங்கா வெட்டியிருந்தான். அப்படிப்பட்டவன் எதையும் ஒழுங்கா செய்வான்னு அவன் பேரை எழுதினேன். வந்தானா இல்லையா?”

கடையே சிரித்தது. கோப்பை துடைத்துக்கொண்டிருந்த ஜுல்மாவும் சிரித்தாள். கமீலின் காதில் விழுந்தது அந்த ஒரு சிரிப்புதான்.

சண்டை சைக்கிளைப் பற்றியது என்று யாராவது நினைத்தால் அவர் எங்கள் கொப்பன்பேக் மேட்டுக்குப் புதுசு. சண்டை ஜன்னலைப் பற்றியது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய வீரர்கள் ஓட்டும் கல்பாதைச் சைக்கிள் பந்தயம் ஜுல்மாவின் பீர்க்கடை வாசல் வழியாகத்தான் மேலே ஏறும். கல் என்றால் ரொட்டி அளவுக்கு ஒவ்வொன்றும் துருத்திக்கொண்டு நிற்கிற கல். இருநூறு கிலோமீட்டர் மிதித்துவிட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் கடை முன்னால்தான் இறங்கித் தள்ளுவார்கள். அந்தக் கண்கொள்ளாக் காட்சிக்கு ஊரிலேயே நல்ல இடம் ஜுல்மா வீட்டு மாடி ஜன்னல். ஜன்னல் சின்னது, இரண்டு நாற்காலிக்கு மேல் கொள்ளாது. ஒன்றில் ஜுல்மா. இன்னொன்றில், போன வருடம் யார் ஜெயிப்பார் என்று சரியாகச் சொன்ன ஆள். அவருக்கு ஒரு மெத்தை, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட டார்ட் ஒரு தட்டு, ஒரு சாண் தூரத்தில் ஜுல்மாவின் தோள்.

போன வருடம் வரை ஐந்து வருடம் தொடர்ந்து அந்த நாற்காலி கமீலுடையதுதான். கூரைக்கு ஓடு போடுகிறவன், நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவன். நாளெல்லாம் கூரைமேல் இருப்பதால் காற்று எந்தப் பக்கம் திரும்பும், கல் எப்போது காயும், பயிற்சிக்கு வருகிற எந்த வீரன் எந்தத் திருப்பத்தில் மூச்சு வாங்குகிறான் எல்லாம் அவனுக்கு அத்துபடி. தெரியாதது ஒன்றுதான். ஜுல்மா புருஷனைப் பறிகொடுத்து ஏழு வருடம் ஆகிறது. ஐந்து ஏப்ரல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கமீல் பேசியதை ஊர் விரல்விட்டு எண்ணி வைத்திருக்கிறது. “காத்து மேக்கால இருந்து வருது.” “அதோ வர்றாங்க.” ஒருமுறை, “டார்ட் நல்லாருக்கு.” அந்த வருடம் தேவாலயத்தில் கல்யாண அறிவிப்பு வரும் என்று ஞாயிறு தவறாமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு.

இதற்கு நடுவில்தான் ஃபிர்மின் வந்து சேர்ந்தான். ஜுல்மா கடைக்குப் பின்னால் இருந்த பழைய குதிரைலாயத்தை வாடகைக்கு எடுத்து, கண்ணாடி மாட்டி, பெண்களுக்கு முடிதிருத்தும் கடை போட்டான். மூன்றாவது வாரமே ஜுல்மாவின் முடி சுருள்சுருளாக ஆனது. சும்மாவே செய்து விட்டானாம், விளம்பரத்துக்காம். விளம்பரம் நன்றாகவே வேலை செய்தது. கமீல் ஒருத்தனே அதை ஒரு நாளைக்கு நாலு தடவை பார்த்தான்.

போட்டிக்கான முறை இதுதான். பீர் கோப்பைக்கு அடியில் வைக்கிற அட்டையின் ஒரு பக்கத்தில் வீரனின் பெயரை எழுத வேண்டும். பின்பக்கம் தன் பெயரை எழுதக் கூடாது, வீட்டு நம்பரைத்தான் எழுத வேண்டும். ஏனென்றால் ஊரில் ஒரே பெயர் நாலு பேருக்கு இருக்கிறது, நாலு பேரும் ஜெயித்தது நான்தான் என்பார்கள். அட்டைகள் சுருட்டுப் பெட்டிக்குள் போகும், மேலே ரப்பர் வளையம். ஞாயிறு பத்து மணிப் பூசைக்கு மணி அடிக்கும் வரை எழுதியதை எடுத்து மாற்றிக்கொள்ளலாம். அவனவன் தன் அட்டையை மட்டும். இரண்டு பேர் சொன்னது ஒன்றாக இருந்து பலித்துவிட்டால் இரண்டு பேருக்கும் ஜன்னல் உண்டு. நாற்காலி இரண்டுதானே, ஜுல்மா எழுந்து கீழே போய் பீர் ஊற்ற வேண்டியதுதான். ஒரு வருடம் அப்படி அண்ணன் தம்பி இரண்டு பேர் ஜன்னலில் முழங்கையால் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை, இந்தச் சண்டை முடிந்ததும் கமீல் தன் அட்டையைப் பெட்டியில் போட்டான். முன்னால் லாவார்ட், பின்னால் இருபத்தேழு. லாவார்ட் என்று எழுதுவான் என்பது நாய்க்குக்கூடத் தெரியும். மூன்று மாதமாக ஜுல்மாவின் காதை அவன் பெயர் சொல்லியே தின்றுகொண்டிருந்தான். “மழை மட்டும் வரட்டும் ஜுல்மா, அவனை எவனும் பிடிக்க முடியாது. கல்லு நடுவுல போக மாட்டான், ஓரத்துல மண்ணைப் பிடிச்சுப் போவான். பாருங்க.” ஜுல்மா ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல், “அப்படியா?” என்பாள்.

ஞாயிறு காலை ஒன்பதரை. வானம் ஈயப் பாத்திரம்போல் இருந்தது. மழை வரும் என்று கமீலின் முழங்கால் சொன்னது. அந்தச் சந்தோஷத்தில் கடைக்குள் நுழைந்தால் ஆள் இல்லை. ஜுல்மா பூசைக்குத் தொப்பி வைக்க மாடிக்குப் போயிருந்தாள். மேலே இன்னொரு குரலும் கேட்டது.

“அசையாதீங்க மேடம், இன்னும் ஒரே ஒரு ஊசி.”

அவ்வளவுதான். கமீல் பூனை மாதிரி அலமாரிக்குப் போனான். தன் அட்டையைப் பார்க்கத்தான் வந்தேன் என்று யாராவது கேட்டால் சொல்லலாம். தன் அட்டையைப் பார்க்க மற்றவன் அட்டையைத் திருப்ப வேண்டியதில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். ரப்பர் வளையத்தைக் கழற்றினான். மேலாக ஓர் அட்டை. பின்பக்கம் பதினாலு. ஜுல்மா வீட்டு நம்பர். போன வருடம் ஃபிர்மின் ஜெயித்த நம்பர். ஜுல்மா ஆயுளில் அட்டை போட்டவள் இல்லை.

திருப்பினான். லாவார்ட்.

கமீலுக்குக் காதுவரை சூடேறியது. திருட்டுப் பயல்! லாயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மூன்று மாதம் ஒட்டுக்கேட்டிருக்கிறான். மாடியும் வேண்டும், முடியும் வேண்டும், என் லாவார்ட்டும் வேண்டுமா? அடுத்த நொடியே இன்னொரு படம் கண்முன் வந்தது. லாவார்ட் ஜெயிக்கிறான். அடுத்த ஏப்ரலில் ஜன்னலில் இரண்டு நாற்காலி. ஒன்றில் கமீல், ஒன்றில் ஃபிர்மின், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தட்டு டார்ட். ஜுல்மா கீழே பீர் ஊற்றுகிறாள். அதைவிடத் தோற்றுவிட்டுத் தெருவிலேயே நிற்கலாம்.

மாடிப்படி கிறீச்சிட்டது. கமீல் இருபத்தேழாம் நம்பர் அட்டையை உருவிச் சட்டைப்பையில் திணித்தான். புது அட்டை எடுத்து, போஸ்மா என்று ஒரு ஹாலந்துக்காரன் பெயரைக் கிறுக்கிப் போட்டான். வெயிலில்தான் அந்த ஆளுக்குக் கால் ஓடும் என்று ஊருக்கே வகுப்பு எடுத்தவன் கமீல். வளையத்தை மாட்டும்போது பூசை மணி அடித்தது.

பகல் இரண்டு மணிக்கு மழை பிடித்தது. கொட்டியது என்றே சொல்லலாம். கமீல் கீழே சாக்கடை ஓரம், தொப்பியிலிருந்து மூக்கில் நீர் சொட்ட நின்றான். மேலே பார்க்கக் கூடாது என்று இருந்தான். பார்த்தான். ஜன்னலில் ஜுல்மாவும் ஃபிர்மினும். ஃபிர்மின் டார்ட்டைச் சின்ன விரலைத் தூக்கிக்கொண்டு சாப்பிட்டான். ஜுல்மா கமீலைப் பார்த்துக் கையை நீட்டினாள். மழையைக் காட்டுகிறாளாம். முகமெல்லாம் சிரிப்பு. நீங்கள் சொன்ன மழை வந்துவிட்டது என்கிறாள். கமீலுக்கு அது அவனைக் கிண்டல் செய்வதாகப் பட்டது.

வீரர்கள் வந்தார்கள். முதலில் வந்தவன் ஓரத்து மண்ணைப் பிடித்துக்கொண்டு, ஈரக் கல்லைத் தொடாமல், ஏதோ கடைக்குப் போய் வருகிறவன்போல் ஏறிப் போனான். லாவார்ட். ஊரே கத்தியது. மூன்று மாதமாகப் பயிற்சியில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த வீரன் கண் முன்னால் தனியாகப் போகிறான். கமீல் வாழ்க்கையில் முதல்தடவையாக, அவனுக்கு டயர் வெடிக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டான். போஸ்மா எண்பதாவது ஆளாகச் சைக்கிளைத் தோளில் போட்டு நடந்து வந்தான்.

மாதா செவிசாய்க்கவில்லை. நாலே முக்காலுக்குக் கடை டி.வி.யில் லாவார்ட் இரண்டு கையையும் தூக்கினான். ஆவி பறக்கும் ஈரச் சட்டைகளுக்கு நடுவில், கோயில் மணியடிக்கும் ஜென்டில் வழக்கம்போல் நாற்காலி மேல் ஏறிப் பெட்டியைத் திறந்தான்.

“கமீலுக்குத்தான். வேற யாருக்கு? மூணு மாசமா பாடின பாட்டு” என்று யாரோ முதுகில் தட்டினார்கள்.

“ஒம்போதாம் நம்பர், டாங்கே. போச்சு. முப்பத்தொண்ணு, போஸ்மா. போச்சு. இருபத்தேழு...” ஜென்டில் கண்ணாடியை மூக்கில் ஏற்றினான். “இருபத்தேழு, போஸ்மா.”

“சரியாப் பாருப்பா” என்றார் முதுகில் தட்டியவர்.

“எழுத்துக் கூட்டிப் படிக்கவா? போஸ்மா. கமீல், உடம்பு கிடம்பு சரியில்லையா?”

ஜுல்மா கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பினாள். முகத்தில் இருந்த சிரிப்பு இன்னும் போகவில்லை, ஆனால் போகலாமா என்று யோசித்தது.

“அடுத்தது,” என்றான் ஜென்டில், “பதினாலு ஏ. பெரெல்லி.”

“சுருட்டை முடி” என்றான் ஃபிர்மின் வருத்தமாக. “நம்பி ஏமாந்துட்டேன்.”

“பொய்!” கமீல் மேசையைக் குத்தினான். “பொய் சொல்றான்! அவன் எழுதினது லாவார்ட்! என் கண்ணால பாத்தேன்!”

ஜென்டில் கண்ணாடிக்கு மேலாகக் கமீலைப் பார்த்தான்.

“எங்க பாத்தே?” என்றான் ஜென்டில்.

காலை ஒன்பதரைக்கும் பத்துக்கும் நடுவே என்ன நடந்தது என்பது கமீலின் முகத்தில் கரும்பலகையில் எழுதியதுபோல் இருந்தது. இனி யாரும் கேட்கத் தேவையில்லை. ஜென்டில் பெட்டிக்குள் இருந்த கடைசி அட்டையை எடுத்தான்.

“பதினாலு. வெறும் பதினாலு. லாவார்ட்.” சுற்றிலும் பார்த்தான். “யாருதுப்பா இது?”

“என்னுது” என்றாள் ஜுல்மா.

ஃபிர்மின்தான் அப்பாவியாக விளக்கினான். “ஜனவரியிலயே நகராட்சிக்காரன் வந்து எனக்குத் தனி நம்பர் தகடு அடிச்சுட்டானே. பதினாலு ஏ. கொல்லைக் கதவுல இவ்வளவு பெருசா இருக்கு. முடி வெட்டிக்கிற பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியுமே.”

ஜுல்மா அவனைப் பார்க்கவில்லை. கமீலையே பார்த்தாள். இரண்டு பேர் ஒரே பெயர் எழுதினால் இரண்டு நாற்காலி. இருபத்தேழும் பதினாலும் ஜெயித்திருந்தால் எழுந்து போக யாருமே இல்லை. ஜன்னலுக்குள் மூன்றாவது ஆள் வர வழியே இல்லை. ஆண்பிள்ளை வாயைத் திறக்காதபோது ஒரு பெண்பிள்ளை அட்டையில் எவ்வளவு எழுத முடியுமோ அவ்வளவையும் அவள் எழுதியிருந்தாள். அது கமீலுக்கு அப்போதுதான் புரிந்தது. ஓடு ஒன்று தலையில் விழுந்திருந்தால்கூட இதைவிடச் சீக்கிரம் புரிந்திருக்கும்.

“அஞ்சு வருஷமா வர்றீங்க” என்றாள் ஜுல்மா. குரல் உயரவில்லை. “பதினாலாம் நம்பர் வீட்டுல யார் இருக்கான்னு உங்களுக்குத் தெரியாதா?”

“ஜுல்மா, நான் வந்து... காத்து மேக்கால...”

“போதும்” என்று அவள் கோப்பையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டாள். கமீலின் சட்டைப்பையில் லாவார்ட் அட்டை நனைந்து கூழாகியிருந்தது. அதை எடுத்துக் காட்டியிருக்கலாம் என்று வீட்டுக்குப் போன பிறகுதான் அவனுக்குத் தோன்றியது. மறுநாள் காட்டலாம் என்று காய வைத்தான். மறுநாள், அதற்கு மறுநாள் என்று மே மாதமும் போனது.

ஜூனில் ஃபிர்மின், நீனோவ ஊரில் நாலு வருடமாகப் பேசி வைத்திருந்த ரொட்டிக்கடைக்காரன் மகளைக் கட்டிக்கொண்டு அந்த ஊருக்கே குடி போய்விட்டான். முடி வெட்டிக்கொண்ட பெண்கள் எல்லாருக்கும் அதுவும் தெரிந்திருந்தது. கல்யாணச் செய்தி கேட்டு மூன்று நாள் வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்தவன் கமீல் ஒருத்தன்தான். ஒரு தப்பும் செய்யாதவனை இத்தனை நாள் வெறுத்திருக்கிறோமே என்ற துக்கம் சாதாரணத் துக்கம் இல்லை.

அடுத்த குளிர்காலம் ஜுல்மா மாடி ஜன்னலை இடித்துப் பெரிதாக்கினாள். “ரெண்டு நாற்காலியால ரொம்பத் தொந்தரவு” என்றாளாம். வேலைக்கு வந்தவர் ஸொட்டெகெம் ஊர்த் தச்சர், மனைவியை இழந்தவர். சைக்கிள் பந்தயம் எப்போது நடக்கும் என்றுகூடத் தெரியாத மனுஷர். மூன்று நாள் வேலையை மூன்று வாரம் செய்தார். நாலாவது வாரம், “மேடம், எனக்கு இந்த வீடு பிடிச்சிருக்கு. உங்களையும்” என்று சொல்லிவிட்டார். கடைப் பெயர்ப் பலகையில் வருகிற எழுத்துக்களைவிடக் குறைவான வார்த்தைகள். ஐந்து ஏப்ரலில் கமீல் பேசியதையும்விடக் குறைவு. ஈஸ்டர் முடிந்து கல்யாணம்.

இப்போது ஜன்னலில் நாலு நாற்காலி. கமீல் இன்றைக்கும் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறான், ஓரத்து நாற்காலி அவனுக்குக் கிடைத்துவிடுகிறது. ஒரு துண்டு டார்ட்டும் கிடைக்கிறது. சுருட்டுப் பெட்டியில் பதினாலாம் நம்பர் அட்டை வருடத்துக்கு ஒன்றுதான் விழுகிறது. அது புருஷன் பெண்சாதி இருவரில் யாருடையது என்று ஜென்டில் கேட்பதில்லை.