நீங்கதானே

அந்த ஆண்கள் வார்டில் வயதான நோயாளிகளை நர்சிங் மாணவிகள் எல்லோரும் "அப்பா" என்றுதான் கூப்பிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்த வழக்கம் இல்லை. மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் பெயரை அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும் என்பது விதி. பெரியவர் ஒருவர் முன்னால் போய் நின்று மொட்டையாகப் பேரைக் கேட்க நாக்கு கூசும். "அப்பா, உங்க பேரைச் சொல்லுங்க" என்றால் கூச்சம் போய்விடும். விதியே அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் வருட மாணவி ஒருத்திக்கு மட்டும் அந்தச் சொல் வராமல் போயிருந்தது. பன்னிரண்டு நாளைக்கு முன் அவளுடைய அப்பா இறந்துபோயிருந்தார். அவள் அழவில்லை. கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே என்று அத்தை மற்றவர்களிடம் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. வேண்டுமென்று அப்படி இருக்கவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது. தொட்டால் தொடுவது தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பத்து நாள் லீவு முடிந்து முந்தாநாள்தான் வார்டுக்கு வந்தாள். யாரையும் கூப்பிடாமல் வேலை செய்ய ஒரு குறுக்கு வழி தானாகவே அமைந்தது. கட்டில் எண்ணைப் பார்ப்பாள். "பதினொண்ணாம் பெட் நீங்கதானே?" என்பாள். அவர்கள் ஆமாம் என்பார்கள். மாத்திரையைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்வாள்.

இத்தனைக்கும், சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஜூனியர்களைப் பிடித்துவைத்து ஒப்பிக்கச் சொல்கிறவள் அவள்தான். அதனால் வகுப்பில் அவளுக்கு "வாத்தி" என்று பேர்.

அன்று காலை எட்டு பத்துக்குப் பதினொன்றாம் கட்டிலில் இருந்தவர் கழுத்துவரை ஸ்வெட்டர் போட்டிருந்தார். அவருக்குக் காது மந்தம். வாத்தி கேட்டதற்குச் சிரித்தபடி தலையாட்டினார். ஸ்வெட்டர் கையை மேலே தள்ளி மணிக்கட்டுப் பட்டையில் இருந்த பேரைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. சர்க்கரை மாத்திரையை வாயில் போட்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். கட்டில் காலில் தொங்கிய தாளில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் அங்கே இருந்தவர், தட்டைத் தொடாமல் வைத்துக்கொண்டு, தன்னுடைய சர்க்கரை மாத்திரை எங்கே, சாப்பாடு ஆறுகிறதே என்று கேட்டார்.

விஷயம் இதுதான். ஜன்னல் ஓரப் பதினொன்றாம் கட்டில் குளிர்கிறது என்று ராத்திரி இந்தச் சர்க்கரைக்காரர் சொல்ல, பக்கத்துக் கட்டில்காரர் பரவாயில்லை என்று இடம் மாற்றிக்கொண்டிருக்கிறார். தாள்கள் பழைய கட்டில்களிலேயே தொங்கின. இப்போது மாத்திரையை விழுங்கியவர் சர்க்கரை நோயே இல்லாத ஒரு தையல்காரர். வயிற்றுவலிக்கு வந்தவர். பதினோரு மணி ஸ்கேனுக்காக நேற்றிலிருந்து வெறும் வயிற்றில் இருக்கிறார்.

பயம் வந்திருக்க வேண்டும். அவள் அதற்காகச் சற்று நேரம் காத்துக்கூட நின்றாள். வரவில்லை. சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து வந்து தையல்காரரின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். தொண்ணூற்று நான்கு.

அவள் கையில் இருந்த கருவியை, உயரத்துக்காக ஒட்டடைக்குச்சி என்று எல்லோரும் கூப்பிடும் தோழி எட்டிப் பார்த்தாள். நடந்ததைக் கேட்டதும் அவளை மருந்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"தொண்ணூத்தி நாலுடி. எனக்கே இவ்வளவு அழகா இருக்காது. விடு."

சிஸ்டரிடம் சொன்னால் என்ன ஆகும் என்பதையும் அவளே விரல் மடக்கிச் சொன்னாள். வார்டுப் பயிற்சியை முதலிலிருந்து செய்யச் சொல்வார்கள், பரீட்சை எழுத விடமாட்டார்கள், ஆறு மாதம் போகும். வாத்தியின் அம்மா இந்தப் படிப்பு முடியும் நாளை எண்ணிக்கொண்டிருப்பது அவளுக்கும் தெரியும். அரை மணிக்கு ஒருமுறை தானே போய்க் குத்திப் பார்த்துக்கொள்கிறேன், தேவைப்பட்டால் சர்க்கரைத் தண்ணி கொடுத்துவிடலாம், காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும் என்றாள். அன்பினால்தான் சொன்னாள்.

வாத்தி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வரிசையாகப் புட்டிகள். அந்த மாத்திரை உடம்பில் என்ன செய்யும் என்பது அவளுக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்பதுவரை தெரியும். கணையத்தைக் கசக்கி இன்சுலினை வெளியே தள்ளும். உள்ளே சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. உச்சத்துக்கு வர இரண்டு மூன்று மணி நேரம் எடுக்கும். வயதானவர் உடம்பில் நாள் முழுக்கத் தங்கும். தொண்ணூற்று நான்கு என்றால் தப்பித்துவிட்டார் என்று அர்த்தம் இல்லை. மாத்திரை இன்னும் வேலையைத் தொடங்கவில்லை, அவ்வளவுதான். பத்தரைக்கு அந்த மனுஷர் ஸ்கேன் அறை வாசலில், பெஞ்சில், தனியாக உட்கார்ந்திருப்பார். வேர்த்தால் புழுக்கம் என்று நினைப்பார்கள். கண் சொருகினால் தூக்கம் என்று நினைப்பார்கள்.

"அவர் தலையாட்டிட்டே இருப்பார்டி," என்றாள். "யார் என்ன கேட்டாலும்."

தோழிக்குப் புரியவில்லை. வாத்தி அதற்குள் வெளியே போய்விட்டாள்.

வார்டு சிஸ்டர் மேஜையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். வாத்தி பாடம் வாசிப்பது போலச் சொல்லி முடித்தாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். சிஸ்டர் பேனாவை மூடிவிட்டு எத்தனை மணிக்கு என்று கேட்டார், எவ்வளவு என்று கேட்டார். பிறகு டாக்டருக்குப் போன் செய்தார், ஸ்கேனை நிறுத்தினார், தையல்காரருக்கு உடனே சாப்பாடு கொடுக்கச் சொன்னார். அவள் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. அதற்கு நேரமும் இல்லை.

தையல்காரருக்குச் சாப்பாடு என்றதும் சந்தோஷம். ஆனால் வயிற்றுவலியில் பாதிக்கு மேல் இறங்கவில்லை. வாத்தியை ஸ்டூல் போட்டு அவர் பக்கத்திலேயே உட்காரச் சொல்லியிருந்தார்கள். ஒன்பதுக்கு எண்பத்தேழு. ஒன்பதரைக்கு எழுபத்தொன்பது. பத்துக்கு எழுபது. பத்தேகாலுக்கு அவர் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. பொத்தானுக்குக் காஜா எடுக்காமல் சட்டையைக் கொடுத்துவிட்டேன், ஆள் வந்து நிற்கிறான் என்று குழறிக்கொண்டே கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். அவள் ஒரு கையால் அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிஸ்டரைக் கூப்பிட்டாள். ஐம்பத்தொன்று. சிஸ்டர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். சில நிமிடங்களில் தையல்காரர் தெளிந்து, சட்டை எங்கே என்று சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தார்.

டாக்டர் வந்து பார்த்தார். நாளைக் காலைவரை மணிக்கொரு தடவை ரத்தம் பார்க்க வேண்டும் என்று எழுதினார். நடந்ததை நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னார். சிஸ்டர் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தானே சொல்வதாகச் சொன்னாள்.

காதருகே குனிந்து மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் குளுக்கோஸ் சொட்டுவதைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ என்னமோ கேட்டே. எனக்கு விளங்கலை. நான்தானே தலையாட்டினேன்," என்றார்.

"நீங்க ஆட்டினதுல தப்பு இல்ல. ஆமான்னு சொல்ற மாதிரி நான் கேட்டதுதான் தப்பு."

பன்னிரண்டு மணிக்குக் கல்லூரியிலிருந்து டியூட்டர் மேடம் வந்து அவளைத் தனியாகக் கூப்பிட்டார். ஏன் பேர் கேட்கவில்லை என்பதுதான் கேள்வி. நீயா, நீயா என்று இரண்டு தடவை கேட்டார். கேட்க வாய் வரவில்லை என்றாள் வாத்தி. அது ஒரு காரணமா என்றார் மேடம். இல்லை என்றாள். வீட்டில் நடந்ததைச் சொன்னால் மேடம் இளகக்கூடும் என்பது தெரிந்தது. அதைச் சொல்லவும் "அப்பா" என்ற அந்தச் சொல்தான் வேண்டியிருந்தது. பயிற்சியை முதலிலிருந்து செய்ய வேண்டும், இந்தப் பரீட்சை கிடையாது என்று மேடம் சொன்னபோது, அது பக்கத்து அறையில் வேறு யாருக்கோ சொல்வது போல இருந்தது.

இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறியது. காலையில் பார்த்தவர்கள் மாலைக்காரர்களுக்குக் கட்டில் கட்டிலாக ஒப்படைத்துக்கொண்டு போனார்கள். தையல்காரர் கட்டில் வந்ததும், தவறுதலாக மருந்து போய்விட்டது என்று சிஸ்டர் ஆரம்பித்தார். யார் என்று சொல்லாமல் தாண்டிவிட நினைத்தார் போலிருக்கிறது. வாத்தி ஓர் அடி முன்னால் வந்தாள். சர்க்கரை நோய் கிடையாது, எட்டு பத்துக்குச் சர்க்கரை மாத்திரை போயிருக்கிறது, கொடுத்தது நான், பத்தேகாலுக்கு ஐம்பத்தொன்று, இப்போது நூற்றுப் பத்து, மறுபடி இறங்கும், ராத்திரியும் எழுப்பிப் பார்க்க வேண்டும் என்றாள். தையல்காரர் எல்லோர் முகத்தையும் பார்த்துச் சிரித்தபடி தலையாட்டினார். மாலைக்காரி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அடுத்தது எப்போது என்று மட்டும் கேட்டாள்.

"மூணு மணிக்கு," என்றாள் வாத்தி.

அவள் வேலை முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஆறு மாதம் என்று சொல்ல வேண்டும். போகாமல் வராந்தாவில் சுவரில் சாய்ந்து, மூன்று மணி ஆகட்டும் என்று நின்றாள். ஒட்டடைக்குச்சி ஒரு பன்னை அவள் கையில் திணித்துவிட்டு, பக்கத்தில் நின்றாள். வாத்தி அதைப் பிய்த்துப் பிய்த்துக் கடைசித் துண்டுவரை தின்றாள்.

மூன்று மணிக்கு, உள்ளே மாலைக்காரி கருவியை எடுத்துக்கொண்டு தையல்காரரிடம் போவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.