செக்ரோலில் இல்லாத பக்கிரிசாமி

மலாயாவில் திகாம் பத்துவை ஒட்டிய அந்த ரப்பர்த் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் கையெழுத்து இல்லாமல் ஒருவரும் சாக முடியாது. உயிர் போகலாம், புதைக்கலாம், பதினாறாம் நாள் காரியம்கூடச் செய்யலாம். ஆனால் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் பெயரை அடிக்கத் துரை சிவப்பு மையில் கையெழுத்துப் போட வேண்டும். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை ஒற்றைச் செருப்போடு ஓடிவிட்டார். அதற்குப் பிறகு காய்ச்சலில் செத்த பதினொரு பேரும் ஏட்டில் கொழுகொழுவென்று உயிரோடு இருந்தார்கள்.

பக்கிரிசாமியின் கதை இதற்குத் தலைகீழ். ஆறு வருஷத்துக்கு முன்னால் கரங்கான் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோரை அறைந்துவிட்டு, விடுவிப்புச் சீட்டு இல்லாமல் ஓடிவந்தவன். சீட்டு இல்லாதவனைப் பதியக் கூடாது. அந்த வாரம்தான் ராமையா என்றொருவன் செத்திருந்தான். ஏடு எழுதும் கிராணி தர்மலிங்கம் துரையிடம் அதைச் சொல்லாமல், ராமையாவின் நம்பரைப் பக்கிரிசாமிக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் அவன் பக்கிரிசாமி, ஏட்டில் ராமையா.

அந்த நன்றிக்காகக் கிராணியின் கால் தடுக்கினால் தரையை அடிப்பான். துரை ஓடிய குழப்பத்தில் ஆபீசைச் சூறையாட ஆட்கள் வந்தபோது, தட்டெழுத்து மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு மூன்று நாள் காட்டுக்குள் உட்கார்ந்திருந்தான். யானைக்குட்டிக் கனம். கழுத்து இரண்டு அங்குலம் உள்ளே போய்விட்டதாக அவன் மனைவி புஷ்பவள்ளி நூல் வைத்து அளந்து சொன்னாள்.

1943இல், ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதைக்குப் பன்னிரண்டு ஆள் வேண்டும் என்று உத்தரவு வந்தது. முன்னால் போனவர்களில் ஒருவரும் திரும்பியிருக்கவில்லை. லயமே அழுதது. கிராணி மட்டும் சிரித்தார்.

“டேய் பக்கிரி, செத்தவங்களையே அனுப்பிடுவோம்டா. லாரி வந்தா, போன வாரம் காய்ச்சல்னு குழியைக் காட்டிடலாம்.”

பக்கிரிசாமிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பழைய குழிகள் எல்லாவற்றிலும் புது மண் கொட்டி, நேற்றுத்தான் புதைத்தது போல மேடு கட்டினான்.

“ஐயா, பதினொண்ணுதான் லா தேறுது. ஒண்ணு குறையுதே?”

“அதை நான் பாத்துக்கிறேன். நீ போய் மெஷின் ரிப்பனுக்கு எண்ணெய் தடவு, மை காஞ்சு கெடக்கு.”

தடவினான். கிராணி பட்டியலைத் தட்டிய தட்டில் பண்டார் பாரு வரைக்கும் கோழிகள் முட்டையிட மறந்தன.

நான்காம் நாள் காலை லாரி வந்தது. தன் வாளைவிட ஒரு சாண்தான் உயரமான ஜப்பான் அதிகாரி, பட்டியலைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டான். ஒவ்வொரு பெயருக்கும் கிராணி தொப்பியைக் கழற்றி ஒரு மேட்டைக் காட்டினார். பதினொரு தடவை. பக்கிரிசாமி சிரிப்பை அடக்கக் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டிருந்தான்.

“ராமையா!”

“இருக்கேன் ஐயா!”

ஆறு வருஷமாக விடிகாலைப் பெரட்டில் தினமும் பேர் கூப்பிடும்போது சொல்லிப் பழகிய வாய். மூளைக்கு முன்னால் அது முந்திக்கொண்டது. இரண்டு சிப்பாய்கள் அவன் தோளைப் பிடித்தார்கள்.

கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பேரை உச்சரிக்காத புஷ்பவள்ளி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். “ராமையா செத்துட்டான் சாமி! இவரு பக்கிரிசாமி! பக்கிரிசாமி!”

அதிகாரி கிராணியைப் பார்த்தான். கிராணி செக்ரோலைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, விரலால் வரிவரியாகத் தேடினார். தேடுகிற மாதிரி அவ்வளவு அழகாக யாரும் நடித்திருக்க முடியாது.

“அப்படி ஒரு பேரே இல்லை, துவான்.”

லாரியில் ஏற்றிய பிறகு கிராணி பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார். “பட்டியல் மொத்தமும் குழியா இருந்தா நம்புவானாடா? ஒண்ணாவது உசிரோட இருக்கணும்ல.”

“அதுக்கு நான்தானா கெடச்சேன், ஐயா?”

“போறது நீயில்லடா. ஏட்டுப்படி ராமையாதான் போறான். நீ திரும்பி வா, ஒன்னை ஒன் சொந்தப் பேர்லயே பதியறேன்.”

“இப்பவே பதிங்க. என் கண்ணு முன்னால.”

கிராணியின் சட்டைப் பையில் பேனா இருந்தது. அவர் அதிகாரியை ஓரக்கண்ணால் பார்த்தார். ஏட்டை மூடப் போனார்.

பக்கிரிசாமி துப்பினான். லாரி நகர்ந்துகொண்டிருந்தும் இருபதடி தாண்டிப் போய், விரிந்திருந்த பக்கத்தின் நட்டநடுவில் விழுந்தது அந்த எச்சில். கிராணி கோபப்படவில்லை. எழுத்து கலைந்துவிடக் கூடாதே என்று சட்டை நுனியால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்.