ஒரின்பாசர் தின்ற ஈரல்

சம்பளம் உயர்ந்த சந்தோஷத்தில் மக்பால் தன் அப்பாவையும் அம்மாவையும் ஷிம்கென்ட் நாடக அரங்குக்கு அழைத்துப் போனாள். பாட்டும் ஆட்டமுமாக ஒரு கல்யாண நாடகம். காசைப் பார்க்காமல் முதல் வரிசையிலேயே இடம் பிடித்திருந்தாள். அங்கேதான் வினை.

இரண்டாம் காட்சியில் பெண் கேட்டு வந்தவர்கள் பாடிக்கொண்டே மேடையை விட்டு இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பாவாக நடித்தவர் கையில் ஒரு தட்டு. அதில் ஆட்டு வால்கொழுப்பும் ஈரலும், நிஜமாகவே வெந்தவை, ஆவி பறந்தது. ஒரு வாய் எடுத்து முன்வரிசைக்காரர்களிடம் நீட்டினார். எல்லாரும் சிரித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மத்தியானம் சாப்பிடாமல் வந்திருந்த மக்பாலின் அப்பா ஒரின்பாசர் மட்டும் வாயைத் திறந்தார்.

அவர் மனைவி குல்யாஷ் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கசாக்கியர் வழக்கப்படி சம்பந்திகள் அதைத் தின்றால் கல்யாணம் உறுதி என்று அர்த்தம். அதற்குமேல் பேச்சு மாறக் கூடாது. இந்த மனுஷரோ மற்றதில் எப்படியிருந்தாலும், வாக்கு என்று வந்துவிட்டால் பாறாங்கல்.

ஒரின்பாசர் மென்று விழுங்கி, மீசையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சம்பந்தி, தின்னுட்டேன். இதோ என் பொண்ணு. பையன் எங்க?"

வாத்தியங்கள் நின்றன. மாப்பிள்ளையாக நடித்தவர் பயத்தில் டோப்பாவைக் கழற்றி வழுக்கையைக் காட்டினார். "ஐயா, எனக்குப் பேரனே இருக்கான்."

"வயசு கெடக்கட்டும். ஈரல் உள்ள போயாச்சு."

"அப்பா, இது நாடகம்ப்பா," என்றாள் மக்பால்.

"நாடகம் பொய். ஈரல் நிஜம்டி."

"அவர் சொல்றதுதான் நியாயம்," என்று பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். அவரை அடக்க இன்னொருவர் எழுந்தார். அரங்கம் இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் பெண்ணைப் பார்க்க எட்டி எட்டி வந்தார்கள்.

மகளின் முகம் வெளுத்ததைக் கண்ட குல்யாஷ் எழுந்தாள். "யாராவது அவளக் கேட்டீங்களா? மக்பால், உனக்கு இஷ்டமா?"

"இல்லம்மா."

"அப்ப நான் குடுத்த வாக்கு?" என்றார் ஒரின்பாசர். குரல் கம்மிவிட்டது. அதைக் கேட்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"தின்னது நீங்க. நீங்களே போங்க."

குல்யாஷ் வாய்த்துடுக்கில்தான் சொன்னாள். ஒரின்பாசர் மகளின் வெளுத்த முகத்தைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று மேடையேறி, மணப்பெண்ணாக நடித்தவளிடம் முக்காட்டைக் கேட்டு வாங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டு மணப்பெண்ணுக்காகக் கட்டியிருந்த திரைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். வேலை போன நடிகை இறங்கி வந்து அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். வேறு வழி தெரியாமல் வாத்தியக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள்.

பெண் பிறந்தகத்தை விட்டுப் போகும் பாட்டு வந்தபோது, அந்தப் பருத்த மணப்பெண் நிஜமாகவே தேம்பியது. இடைவேளையில் குல்யாஷ் கைக்குட்டையோடு மேடைக்குப் போனாள்.

"எங்கப்பா உங்க வீட்டுல ஈரல் தின்னப்ப, உன்ன யாரும் கேக்கலல்ல?" என்றது முக்காட்டுக்குள்ளிருந்து குரல்.

"இல்ல."

"இப்பக் கேக்கறேன். என்னக் கட்டிக்க உனக்கு இஷ்டமா?"

குல்யாஷ் கைக்குட்டையை அவர் கையில் திணித்தாள். ஆனாலும் உடனே சொல்லிவிட அவளுக்கு மனம் வரவில்லை.

"மொதல்ல முக்காட்ட எடுங்க. யோசிச்சுச் சொல்றேன்."