பதினொன்றின் மேல் எழுதிய பன்னிரண்டு

1

வாசகரே, இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்பனை, தரிசனம் என்று எதுவும் இல்லை. நான் ஒரு தப்புச் செய்தேன். அதை வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதுகிறவர்களுக்கு இது பழைய கெட்ட பழக்கம்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "நடுக்கடலில், மனிதர் யாரும் இல்லாத தீவொன்றில், ஒருவன் பேனாவைத் திறந்தான். அவன் மனதில் —"

அவன் மனதில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அவரைப் பார்த்ததுகூட இல்லை. அந்த ஆரம்பம் வேண்டாம்.

2

இரண்டாவது ஆரம்பம்: "என் சகலைக்கு இதுவரை தொண்ணூற்றொன்பது நாடுகள் கிடைத்திருக்கின்றன."

இதைப் படித்தால் அவரை ஏதோ சக்கரவர்த்தி என்று நினைத்துவிடுவீர்கள். அவர் லிப்ட் மெக்கானிக். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். வேலை இல்லாத நேரத்தில் மாடி அறையில் ஹாம் ரேடியோ முன்னால் உட்கார்ந்து, உலகத்தின் வேறொரு மூலையில் இதே மாதிரி உட்கார்ந்திருக்கும் ஒருவரோடு பேசுவார். பேச்சு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் குரல் கேட்கிறது, என் குரல் கேட்கிறதா, நன்றி, வணக்கம். பிறகுதான் வேலையே. பேசியதற்குச் சாட்சியாக இரண்டு பேரும் ஒரு கார்டு அனுப்பிக்கொள்ள வேண்டும். யார், என்ன தேதி, எத்தனை மணி, எந்த அலைவரிசை எல்லாம் அதில் இருக்கும். கார்டு கைக்கு வந்தால்தான் அந்த நாடு கணக்கில் சேரும். நூறு சேர்ந்தால் சங்கம் ஒரு சான்றிதழ் தரும்.

"பேசுறது மூணு நிமிஷம். பேசினேன்னு சாட்சி வாங்க மூணு மாசம்" என்பார் அக்கா. அவர் எனக்கும் அக்காதான்.

இதில் அவர் செலவைச் சொல்லாமல் விட்டது பெருந்தன்மை. கார்டு அச்சடிக்க வேண்டும், தபால்தலை ஒட்ட வேண்டும், பதிலுக்கு நம் முகவரி எழுதிய உறை வைக்க வேண்டும், எதிர்முனைக்காரர் ஊர்த் தபால்செலவுக்கு டாலர் நோட்டும் வைக்க வேண்டும்.* சங்கத்தின் மூட்டையில் சேர்த்து அனுப்பினால் செலவு கம்மி, ஆனால் பதில் வர இரண்டு வருஷம் ஆகும். அக்கா கேட்டுக்கொண்டிருக்கும் வாஷிங் மெஷினில் ஒரு பாதி இப்படித் தபாலில் உலகம் சுற்றப் போயிருக்கிறது.

(* நோட்டை இரண்டு கார்டுகளுக்கு நடுவில் வைக்க வேண்டும். உறைமேல் ரேடியோ வாசனையே வரக்கூடாது. உள்ளே பணம் இருக்கும் என்று தெரிந்த கைகள் வழியில் உண்டு.)

3

இனி நான். அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவன். சகலையின் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்பதால், இரண்டு வருஷமாக அவர் கார்டுகளை எழுதுவது நான்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் உறை ஒட்டுவார், நான் எழுதுவேன். அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. அந்த இரண்டு மணி நேரம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

கார்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது விதி. ஓர் எழுத்தின் மேல் இன்னொன்று ஏறினாலும் கார்டு செல்லாது, கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். சங்கத்தில் எல்லோருடைய கார்டையும் சரிபார்ப்பது சகலைதான். போன வருஷம் ஒரு பஸ் டிரைவரின் கார்டைத் திருத்தல் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்.

(கதையில் அடித்ததை அப்படியே விட்டுவைக்கலாம் என்பதால்தான் நான் கார்டைவிடக் கதையை — இல்லை, கட்டுரை வாசனை அடிக்கிறது. விடுங்கள்.)

4

அந்த அறைச் சுவரில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று வீட்டு நேரம், மற்றது உலக நேரம். எந்த நாட்டு ரேடியோக்காரரும் கார்டில் உலக நேரத்தைத்தான் எழுதுவார். நமக்குக் காலை ஐந்தரை ஆகும்வரை அந்தக் கடிகாரத்தில் முந்தின நாள் முடிந்திருக்காது.

தீவுக்காரர் கிடைத்தது ஒரு வியாழக்கிழமை விடியலில். பத்து நாள் ரேடியோ போடுவதற்காகவே படகேறி அந்த ஆளில்லாத் தீவுக்குப் போனவர் அவர்; ரேடியோக் கணக்கில் அதுவும் ஒரு தனி நாடு. அன்று பன்னிரண்டாம் தேதி, என் மனைவியின் பிறந்தநாள். முந்தின நாளே சகலை வீட்டுக்கு வந்து தங்கியிருந்தோம். சத்தம் கேட்டு நான் காபியோடு மேலே போனபோது சகலை ஹெட்போனோடு பாதி எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"கெடச்சுட்டாரு சகலை. நூறு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கார்டு எழுத உட்கார்ந்தேன். சகலையின் ரேடியோ பதிவேட்டில் தேதி பதினொன்று என்று இருந்தது. பாவம், சந்தோஷத்தில் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்தேன். நானே பக்கத்தில் நின்றேனே, பெண்டாட்டி பிறந்தநாளை மறப்பேனா? கார்டில் அழகாகப் பன்னிரண்டு என்று எழுதினேன். அவரிடம் சொல்லவில்லை. பிறர் தப்பைச் சத்தமில்லாமல் திருத்துவதுதானே என் தொழில். உலக நேரக் கடிகாரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் இதைச் செய்தேன்.

5

நான்கு மாதம் கழித்துத் தீவுக்காரர் கார்டு வந்தது. அவர் தன் பதிவேட்டைப் பார்த்துப் பதினொன்று என்று எழுதியிருக்கிறார். பிறகு நம் கார்டைப் பார்த்து, தப்பு தன்னுடையது என்று நினைத்து, ஒன்றின் மேல் இரண்டைப் போட்டிருக்கிறார். மரியாதைக்காரர். நூறாவது கார்டு செல்லாமல் போனது.

சகலை அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சரியாத்தானே எழுதியிருக்காரு. அதுமேல எதுக்கு ரெண்டைப் போட்டாரு?"

"தெரியலையே சகலை" என்றேன். இந்தக் கதையிலுள்ள ஒரே பொய் இதுதான்.

"செயலாளர் விட்டுடலாம்ங்கறாரு, ஒரு எழுத்துதானேன்னு. எனக்கு மனசு வரல. டிரைவர் கார்டைத் திருப்பி அனுப்பினவன் நான்."

"இன்னொண்ணு கேட்டு எழுதலாமே?"

"உங்க தப்பு, திரும்ப அனுப்புங்கன்னா? அந்த மனுஷன் கடல்ல வாந்தி எடுத்துக்கிட்டே போய் அங்க உக்காந்தவரு. வேணாம். தொண்ணூத்தொம்பதே இருக்கட்டும்."

அதிலிருந்து மூன்று வாரமாக அவர் ரேடியோவைப் போடுகிறார், கேட்கிறார், யாரோடும் பேசுவதில்லை. எழுதக் கார்டும் இல்லை.

"வீடு நிம்மதியா இருக்கு. ஆனா நல்லா இல்ல" என்றார் அக்கா.

6

முடிவுகள்.

அ. நான் ரகசியமாகத் தீவுக்காரருக்கு எழுதுகிறேன். புதுக் கார்டு வருகிறது. எல்லோருக்கும் சந்தோஷம். (சத்தமில்லாமல் திருத்தப் போய்த்தான் இந்த வினையே.)

ஆ. தீவுக்காரரே யோசித்துப் பார்த்து, தானாக இன்னொரு கார்டு அனுப்பி — இந்த மாதிரிக் கதை எங்கள் அச்சகத்துக்கு வாரம் இரண்டு வரும்.

இ. நான் சொல்கிறேன், சகலை சிரிக்கிறார். இதை ஒன்பது முறை எழுதிப் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கணம் வருகிறது. அதில் அவர், "சரி, இனி நானே எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிடுவாரோ என்று கை நின்றுவிடுகிறது. அவர் சான்றிதழ் கிடைக்காமல் போனால் போகட்டும் என்றுகூட ஒரு கெட்ட நேரத்தில் நினைத்தேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமை போய்விடக் கூடாது.

7

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம். தப்பித்துக்கொள்ளும் வழி என்று பலர் சொல்வார்கள். ஆனால் நான் எழுதியதை முதலில் படிப்பவர் எப்போதும் ஒரே ஒருவர்தான். ஆரம்பத்திலிருந்து வாசகரே, வாசகரே என்று கூப்பிட்டது அவரைத்தான்.

சகலை, பதினொன்றுதான் சரி. தீவுக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. பன்னிரண்டு என் கை.

இந்தத் தாள்களுக்குக் கீழே தீவுக்காரருக்கு ஒரு புதுக் கார்டு இருக்கிறது. தேதியைத் தவிர எல்லாம் எழுதிவிட்டேன். என் பெயரில் மன்னிப்புக் கடிதம் ஒன்றும் உறையில் இருக்கிறது. தபால்செலவு என்னுடையது, அதில் பேச்சே வேண்டாம். தேதியை நீங்களே எழுதிவிட்டால், இனி எல்லாக் கார்டும் உங்கள் கையெழுத்தில் போகும் என்று புரிந்துகொள்வேன். படிக்கப்போகும் உலகத்தை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

இல்லை, நான்தான் எழுத வேண்டும் என்றால் கீழே கூடத்தில்தான் இருக்கிறேன். எப்படியானாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். கூப்பிடுங்கள் சகலை.