சர்வரின் இடத்தில் உட்கார்ந்தது

“உங்க அண்ணன் மரியான் இப்போ எந்த ஆபீஸ்ல இருக்கான்?” என்று முதலாளி லிங்கராஜ் அண்ணாச்சி ஒருநாள் ஹில்டாவிடம் கேட்டார்.

டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார். அவளும் சாதாரணமாகத்தான் பதில் சொன்னாள். துறைமுகத்துக்குப் போகிற வழியில், இவர்களைப் போலவே சரக்கைக் கஸ்டம்ஸ் தாண்டிக் கப்பலேற்றிவிடும் இன்னொரு கிளியரிங் ஏஜென்சியில் மரியான் சேர்ந்திருந்தான். அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “நல்லது, நல்லது” என்றார். இரண்டு தடவை சொன்னபோதே அதில் நல்லது ஏதும் இல்லை என்று அவளுக்குப் பட்டது.

அண்ணாச்சியிடம் பல வருஷமாகச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்த இரண்டு பேர் அப்போதுதான் அந்த ஏஜென்சிக்கு மாறிப் போயிருந்தார்கள். இங்கே வாங்கும் கட்டணத்தைவிடக் கொஞ்சம் குறைத்து அங்கே கேட்டிருக்கிறார்கள். இங்கே எவ்வளவு வாங்குகிறார்கள் என்று அங்கே எப்படித் தெரிந்தது? அதை யாரும் ஹில்டாவிடம் நேராகக் கேட்கவில்லை. ஆனால் அவள் போனை எடுத்தால் அண்ணாச்சியின் அறைக்கதவு லேசாகத் திறந்துகொள்ளும். எல்லோருடைய பாஸ்வேர்டும் மாறியது. சரக்குக்காரர்கள் வந்தால், பேச்சு பாதியில் நின்று, அவள் நகர்ந்த பிறகு தொடர்ந்தது.

ஹில்டா யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறவள் அல்ல. கஸ்டம்ஸுக்குப் போகவேண்டிய ஷிப்பிங் பில்லைத் தயார் செய்து அனுப்புவது அவள் வேலை. குனிந்த தலையோடு அதைச் செய்துவிட்டு, மதியம் கணக்குப் பார்க்கும் பிரேமாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் திரேஸ்புரத்தில் இருக்கும் வீட்டுக்கு நடந்து போய்விடுவாள். அந்த ஆபீஸில் அவள் சிரித்தது பிரேமாவிடம் மட்டும்தான்.

அன்று காலை அவள்தான் ஆபீஸைத் திறந்தாள். தினமும் செய்வதுபோல் சர்வர் இருக்கும் சின்ன அறைக்குள் போய் ஏ.சி.யைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரைத் திறந்தால் சர்வரைக் காணவில்லை என்று வந்தது. பிரேமாவின் கம்ப்யூட்டரிலும் அதேதான். அண்ணாச்சியின் அறையிலும் அதேதான்.

கணவாய் மீன் ஏற்றிய குளிர் கண்டெய்னர் ஒன்று துறைமுக கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. மதியத்துக்குள் பில் போகாவிட்டால் கப்பல் அதை விட்டுவிட்டுப் போய்விடும். டிரைவர் சுடலைக்கண்ணன் போன் போட்டான்.

“யக்கா, பில்லு வந்துட்டா? உள்ள இருக்க கணவாய் எல்லாம் என்னைய மொறச்சுப் பாக்கு.”

“இப்ப வந்துரும்ணே” என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், பின்னால் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார்.

“போன்ல யாரு?”

“டிரைவர், அண்ணாச்சி.”

“காலைல ஆபீஸத் தொறந்தது யாரு?”

“நான்தான்.”

“சர்வர் ரூம்குள்ள போனியா?”

“ஏ.சி. போடப் போனேன்.”

“ஏ.சி. மட்டும்தான் போட்டியா?” என்றார். அவள் பதில் சொல்வதற்குள், “இந்தா பாரும்மா, இன்னைக்கு இது யாரு வேலைன்னு தெரியாம நான் விடப்போறதில்ல. நீதான்னு தெரிஞ்சா சாவிய வச்சிட்டு அப்படியே போயிரு. ஆனா சும்மா போகமாட்ட. இந்த ஊர்ல இருக்க ஒவ்வொரு ஏஜென்சிக்கும் நானே போன் போட்டுச் சொல்லுவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னால் சொன்னதுதான். துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற ஆபீஸ்காரர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். கூட இருந்து கம்பெனியை விற்றவள் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால், எந்த ஆபீஸிலும் அவளுக்கு நாற்காலி கிடைக்காது. மரியானையும் அந்தப் பேச்சு சும்மா விடாது.

பக்கத்தில் இருக்கும் புதுக்கோட்டையிலிருந்து ஆன்றோ பைக்கில் வந்து சேர்ந்தான். அந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்தான். முந்தின நாள் சாயங்காலம் அதற்கு அப்டேட் போட்டுவிட்டுப் போனதும் அவன்தான். அவன் ஹெல்மெட்டைக் கழற்றும்போதே ஹில்டாவுக்கு ஒரு எண்ணம் ஓடியது. தப்பு இவனுடையதாக இருந்தால், அதை என் தலையில் போடுவதுதானே இவனுக்குச் சுலபம்?

ஆன்றோ சர்வர் முன்னால் உட்கார்ந்து கொஞ்சநேரம் எதையெதையோ திறந்து பார்த்தான்.

“அண்ணாச்சி, அப்டேட்டுக்கு அப்புறம் நெட்வொர்க் செட்டிங் போயிருக்கு. உள்ள இருக்க நெட்வொர்க் கார்டைப் புதுசுன்னு நெனச்சிட்டு, நாம குடுத்திருந்த நம்பரை விட்டுட்டு. நம்ம கம்ப்யூட்டர் எல்லாம் அந்தப் பழைய நம்பர்லதான் சர்வரைத் தேடும். அங்கன அது இல்ல.”

“தானாப் போயிட்டோ? அதுக்கென்ன காலா மொளச்சிருக்கு?”

“தானாத்தான் போகும் அண்ணாச்சி. பல எடத்துல ஆயிருக்கு.”

அண்ணாச்சி அவனையும் ஹில்டாவையும் மாறி மாறிப் பார்த்தார். “நீங்க ரெண்டு பேரும் ஒரே ஊரோ?”

“எனக்குச் சொந்த ஊரு வேம்பார். இந்த அக்காவ இங்கன வச்சுத்தான் தெரியும்.”

“கும்புடுத கோயில் ஒண்ணுதானல?”

ஆன்றோ திரும்பி, பழைய எண்ணைச் சர்வருக்கு மறுபடி அடித்தான். சர்வர் அதை ஏற்கவில்லை. அவன் முகம் சுருங்கியது.

“இந்த நம்பர்ல வேற ஏதோ ஒண்ணு உக்காந்திருக்கு அண்ணாச்சி.”

“பாத்தியா!” என்று அண்ணாச்சி கையைத் தட்டினார். “எவரோ எதையோ கொண்டாந்து சொருகியிருக்காவ. நான் அப்பவே நெனச்சேன். பிரேமா, அவ பையத் தொறந்து பாரு.”

பைல் பீரோவின் பக்கத்தில் நின்ற பிரேமா, “இங்கன கொண்டா ஹில்டா” என்றாள். ஹில்டா கொண்டுபோய்க் கொடுத்தாள். வேண்டாம் அண்ணாச்சி, அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று ஒரு வார்த்தை பிரேமா சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். பிரேமா சொல்லவில்லை. சாப்பாட்டு டப்பா, குடை, ஜெபமாலை, மாத்திரை அட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்து பீரோவின் மேல் வைத்தாள். “ஒண்ணுமில்ல அண்ணாச்சி” என்றாள்.

ஆன்றோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, ஒரு கம்ப்யூட்டரை அந்தப் பழைய எண்ணுக்கு ஓயாமல் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும்படி வைத்தான். எண்ணில் உட்கார்ந்திருந்தது எதுவோ, அது ஒவ்வொரு குரலுக்கும் பதில் கொடுத்தது. திரையில் வரி வரியாகப் பதில் ஓடியது.

“அக்கா, நான் ஒவ்வொரு கேபிளாப் புடுங்குதேன். பதில் எப்ப நிக்குன்னு மட்டும் சொல்லுங்க.”

அவன் புடுங்கினான், பதில் வந்தது. செருகிவிட்டு அடுத்ததைப் புடுங்கினான், அப்போதும் வந்தது. ஒரு வெள்ளைக் கேபிளைப் புடுங்கியதும் ஓட்டம் நின்றது.

“நின்னுட்டு” என்றாள் ஹில்டா.

“இது எங்க போகுது அண்ணாச்சி?” அந்தக் கேபிள் சுவரேறி மேற்கூரைப் பலகைக்குள் போய் மறைந்திருந்தது.

“அது போன் லைன்ல. அத விடு.”

“போன் லைன் இதுல வராதே.”

“விடுன்னா விடேன். கண்டெய்னர் நிக்கில்லா? மொதல்ல அதப் பாரு.”

குரல் மாறியிருந்தது. இதுவரை கேள்வி கேட்டுக்கொண்டிருந்த மனுஷன் இப்போது பதில் சொல்லிக்கொண்டிருப்பதை ஹில்டா கவனித்தாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல்முறையாக அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது.

கேபிளை வெளியே விட்டுவிட்டு, ஆன்றோ பழைய எண்ணைச் சர்வருக்குக் கொடுத்தான். இந்தத் தடவை ஏற்றுக்கொண்டது. எல்லாத் திரைகளும் உயிர்பெற்றன. ஹில்டா பில்லைப் போட்டாள். சற்று நேரத்தில் சுடலைக்கண்ணன், “உள்ள போயிட்டேன் யக்கா” என்று போனில் கத்தினான்.

“அந்த நம்பரு எப்படில போயி அதுகிட்ட மாட்டிச்சு?” என்று தன்னையறியாமல் அண்ணாச்சி கேட்டுவிட்டார்.

“பஸ்ல துண்டு போட்டுப் புடிச்ச சீட்டு மாதிரி அண்ணாச்சி. அப்டேட்ல துண்டு பறந்துட்டு. ராத்திரி கரண்டு போயி வந்திருக்கு. வந்ததும் அடுத்து ஏறுனவன், சீட்டு சும்மாத்தான கெடக்குன்னு உக்காந்துட்டான். ஒருத்தரும் வேணும்னு செய்யல.”

“சரி சரி. வேல முடிஞ்சிட்டுல்லா, கெளம்பு.”

ஆன்றோ ஹெல்மெட்டை எடுத்தான்.

“நில்லுங்க தம்பி” என்றாள் ஹில்டா. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “ஏறி உக்காந்தது எதுன்னு பாக்கணும்.”

“ஒனக்கு எதுக்கு அது?” என்றார் அண்ணாச்சி.

“எல்லாரும் பாக்க என் பையத் தொறந்தீங்க அண்ணாச்சி. இதையும் தொறந்து பாத்துருவோம்.”

ஆன்றோ இரண்டு பேரையும் பார்த்தான். ஹெல்மெட்டை வைத்துவிட்டுப் போய் அந்தக் கேபிளைச் செருகினான். பிறகு ஹில்டாவின் கம்ப்யூட்டரில், அதற்கு இப்போது கிடைத்திருக்கும் புது எண்ணைத் தேடி எடுத்துத் திறந்தான். பாஸ்வேர்டு கேட்டது. எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றிய அண்ணாச்சி, கடையில் வாங்கும்போது இருந்ததையே இதற்கு மாற்றாமல் விட்டிருந்தார். திறந்துகொண்டது.

திரையில் ஒரு மேசை தெரிந்தது. மேசையில் ஒரு திரை. அதன் முன்னால் மேலிருந்து பார்த்த ஒரு பெண்ணின் வகிடு. ஹில்டா கையைத் தூக்கினாள். திரையிலிருந்த பெண்ணும் தூக்கினாள். அவள் நிமிர்ந்தாள். நெருப்புப் பிடித்தால் கத்தும் என்று சொல்லி அண்ணாச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டி, அவள் தலைக்கு நேர் மேலே இருந்தது. அன்று அவள் பூசைக்குப் போயிருந்தாள்.

“ஆபீஸ்னா காமிரா இருக்கத்தான் செய்யும்” என்றார் அண்ணாச்சி. “எல்லாரையும் பாக்கத்தான் வச்சிருக்கு. ஒன்ன மட்டுமா பாக்கு?”

ஹில்டா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மேசை முழுதாக இருந்தது. வேறு மேசை எதுவும் இல்லை. இந்தப் பக்கம் ஆன்றோவின் தோள் இருந்தது. அந்தப் பக்கம் அண்ணாச்சியின் வழுக்கை மின்னியது.

பிரேமா மட்டும் படத்தில் இல்லை.

ஹில்டா திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு கூத்து நடக்கும்போதும் பிரேமா பீரோவை விட்டு நகரவில்லை. ஓரடி முன்னால் வைத்தால் படத்துக்குள் வந்துவிடுவாள். அந்த ஓரடிக்கு இந்தப் பக்கமே நின்றிருந்தாள். சாப்பிடக் கூப்பிடுவதென்றாலும் இந்தக் கொஞ்ச நாளாக அவள் அங்கே நின்றுதானே கூப்பிட்டாள்? முன்பெல்லாம் மேசைக்கே வந்து, கண்ணைப் பொத்தி, விளையாடிவிட்டுத்தான் கூட்டிப்போவாள்.

பெட்டியைப் பிரேமா ஒருதடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அது எங்கே இருக்கிறது, எதுவரை பார்க்கும் என்பதெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அண்ணாச்சி சொல்லாமல் அது தெரிந்திருக்காது. தெரிந்துகொண்டேதான் தினமும் ஹில்டாவின் டப்பாவிலிருந்து மீன் எடுத்துத் தின்றிருக்கிறாள்.

“ஏளா பிரேமா” என்றாள் ஹில்டா. “இங்கன வா. வந்து என் பக்கத்துல நில்லு.”

பிரேமா அசையவில்லை.

“வாயேன். நீயும் தெரியுதியான்னு பாப்போம்.”

பிரேமா அண்ணாச்சியைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நாற்காலியில் தொங்கிய தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். படத்துக்குள் வந்துவிடாமல் சுவரை ஒட்டியே நடந்து, கதவைத் திறந்து வெளியே போனாள்.