பாலகணேஷ் கட்டிய புடவை

பாண்டி பஜார் பட்டுக் கடையின் இரண்டாம் மாடியில் பாலகணேஷைப் போல முந்தானை போட ஆள் கிடையாது. பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொப்பை. ஆனால் சட்டைக்கு மேலேயே புடவையைச் சுற்றி, கொசுவம் மடித்து, முந்தானையைத் தோளில் வீசி ஒரு அரைத் திருப்பம் திரும்பினான் என்றால், பார்க்கிற பெண்களுக்கு மீசை மறைந்துபோய்ப் புடவை மட்டும் தெரியும்.

போன வாரம் அப்படித் திரும்பும்போதுதான் ஒரு புடவையில் இழை இழுத்துவிட்டது. முதலாளி சுயம்புலிங்கம் அண்ணாச்சி சத்தமே போடவில்லை.

"இன்னொரு இழை இழுத்துச்சுன்னு வையி, அடித்தளத்துல துண்டு செக்ஷன்தாம்லே ஒனக்கு. துண்டை யாருக்கும் கட்டிக் காட்ட வேண்டாம்லா?"

பத்து வருஷம் பட்டு மடித்த கை, துண்டு மடிப்பதா? பாலகணேஷுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இன்றைக்கு மயிலாப்பூரிலிருந்து ஜெயஸ்ரீ மாமி, கல்யாணப் பெண் தாரணியோடு வந்திருந்தாள். நாற்பது புடவையைத் தள்ளிவிட்டு, அரக்குச் சிவப்பில் யாளிக் கரை போட்ட காஞ்சிபுரம் பட்டில் மாமியின் கண் நின்றது.

"கட்டிக் காமி."

கட்டினான். திரும்பினான். மார்புக்குப் பக்கத்தில் எதுவோ சுருக்கென்று பிடித்தது. அண்ணாச்சி போன மாதம் எல்லோர் சட்டைப் பையிலும் குத்திவிட்ட பித்தளைப் பெயர் வில்லை! அதன் ஊக்கு திறந்துகொண்டு, புடவையின் உள்பக்க ஜரிகையைக் கவ்வியிருந்தது.

"நன்னாருக்கு. கழட்டு, மறுபக்கம் பாக்கணும்" என்றாள் மாமி.

"மறுபக்கம் எதுக்கு மாமி?"

"எதுக்கா? கைத்தறியா பவர்லூமான்னு உன் மீசையைப் பாத்தா தெரிஞ்சுப்பா? ஜரிகை பின்னாடி எப்படி ஓடறதுன்னு பாத்தாத்தான் குட்டு வெளிப்படும்."

கழற்றினால் இழை போச்சு. இழை போனால் துண்டு. பாலகணேஷ் வாயைத் திறந்தான். திறந்த வாயை மூடவில்லை.

"முதல்ல யாளியைப் பத்திக் கேளுங்க மாமி. சிங்க உடம்பு, யானைத் தும்பிக்கை. கோயில் தூணைத் தாங்கித் தாங்கிக் கால் கடுத்துப்போயி, உக்காரலாம்னு புடவைக் கரைக்கு வந்துச்சு."

"உக்காரலையே, நடந்துண்டுன்னா இருக்கு?"

"எடம் தேடுது மாமி! அப்புறம் இந்தக் கரை இருக்கே, இதுக்குப் பேரு கோர்வை. உடலும் கரையும் தனித்தனி நிறம். தறியில நூலைக் குறுக்க ஓட்டுற நாடா மூணு ஓடும். ஒருத்தர் நெய்வாரு, இன்னொருத்தர் பக்கத்துல உக்காந்து கரை நாடாவைத் தள்ளுவாரு. ரெண்டு பேருக்கும் சண்டைன்னா உடலும் கரையும் ஒட்டாது. அதனால தறியில உக்காந்தா புருஷன் பொண்டாட்டி சண்டையே போட மாட்டாங்க."

"தாரணி, நம்மாத்துலயும் ஒரு தறி போட்டுடலாம்டி!"

பேச்சில் அன்னம் வந்தது, ருத்ராட்சம் வந்தது, மல்லிமொக்கு வந்தது. இருபது நிமிஷம் போயிற்று. புடவை மட்டும் கழலவில்லை.

"ஏன்டாப்பா, கழட்ட மனசு வரலையா? உனக்கே வேணுமா?"

"அம்மா, அவருக்கு நிஜமாவே நன்னாருக்கு. எனக்கு இப்படி இருக்காது" என்றாள் தாரணி.

மாமி பொறுமை இழந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து, முந்தானை ஓரத்தைத் தூக்கி உள்ளே தலையை நுழைத்தாள். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி மாடி ஏறி வந்தார்.

"ஏலே! என்னலே நடக்கு இங்க?"

"இழை... ஊக்குல..." என்றான் பாலகணேஷ். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது.

அண்ணாச்சி கையை நீட்டினார்.

"யாரும் தொடாதீங்க!" பக்கத்துப் பாயில் புடவை பார்த்துக்கொண்டிருந்தவரிடமிருந்து ஒரு அதட்டல். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற மர்சலின் டீச்சர். சாந்தோம்காரர். "புடவையை ஏன் கழட்டுறீங்க? சட்டையைக் கழட்டுங்க!"

"சட்டையா? இத்தனை பேர் முன்னாலயா?"

"மூச்சைப் பிடி. தொப்பையை உள்ள இழு. இன்னும் இழு. இவ்வளவுதான் போகுமா? சரி, சட்டைக் கையிலேருந்து கையை உருவு."

புடவைக்குள்ளேயே பொத்தான் கழன்றது. சட்டையும் முந்தானையும் ஒட்டியபடி அலுங்காமல் பாயில் இறங்கின. டீச்சர் கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, சட்டைப் பையை வட்டமாக வெட்டி, பின்பக்கமாக ஊக்கைப் பிரித்தார். வளைந்த இழையை நகத்தால் நீவினார். படிந்தது.

மாமி குனிந்து மறுபக்கத்தைத் தடவிப் பார்த்தாள். "கைத்தறியேதான்! பில் போடச் சொல்லு."

அண்ணாச்சி இழையைத் தேடினார். கிடைக்கவில்லை. வில்லை மட்டும் கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "எல்லாரும் இந்தச் சனியனைக் கழத்துங்கலே."

"அப்போ நான், அண்ணாச்சி?"

"நீ கீழ துண்டு செக்ஷனுக்குப் போ."

பாலகணேஷ் திருதிருவென்று முழித்தான்.

"முழிக்காதலே! சட்டையில சன்னல் வச்சாச்சு, பனியன்ல நாலு ஓட்டை. இந்தக் கோலத்துலயா பட்டு காட்டுவ? ஒரு துண்டை வாங்கிப் போத்திக்கிட்டு உடனே மேல வா."

அடித்தளத்தில் துண்டு செக்ஷன் வலியுல்லா பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "இன்னா நைனா, மாத்திட்டாங்களா?"

"போய்யா. துண்டு வாங்க வந்தேன்."

"அட, கஸ்டமரா! அத்த மொதல்ல சொல்றதில்ல?"

வலியுல்லா ஒரு பச்சைத் துண்டை உதறித் தோளில் வீசி, ஒரு அரைத் திருப்பம் திரும்பினான்.

பாலகணேஷ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "மறுபக்கம் காட்டு" என்றான்.