பபிள்கம் அட்டையில் வந்த தம்பி

பாளையங்கோட்டையில் அநேகமாக எல்லா வீட்டிலும் என் தம்பி ஜெபராஜ் இருந்தான்.

அந்த நாளில் பபிள்கம் வாங்கினால் உறைக்குள் ஒரு கிரிக்கெட் அட்டை இருக்கும். அவன் மாவட்ட அணிக்கு ஆடிய வருடம் அவன் படமும் வந்தது. அட்டையை யார் பத்திரமாக வைத்திருந்தார்களோ அவர்கள் வீட்டில் அவனும் இருந்தான். முருகன்குறிச்சியில் ஒருவன் குழாயடியில் தண்ணீர் பிடிப்பான். சமாதானபுரத்தில் ஒருவன் மாடியில் துணி காயப்போடுவான். யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒருவன் இருந்தான்.

நான் பழைய அட்டைகள் சேர்ப்பவன். தம்பியின் அட்டைக்கு ஒரு மதிப்பு வர வேண்டும் என்று ஆசை. அதை எடுத்துக்கொண்டு திரவியம் அண்ணாச்சி கடைக்குப் போனேன். பழைய நாணயம், தபால்தலை, அட்டை எல்லாவற்றையும் அவர்தான் மதிப்பிடுவார். தம்பியும் கூட வந்தான்.

அண்ணாச்சி பூதக்கண்ணாடி வைத்து அட்டையின் மூலைகளைப் பார்த்தார். பிறகு தம்பியின் முழங்கைகளைப் பார்த்தார்.

"எல்லார்ட்டயும் இருக்கு. இதுக்கு மதிப்பு கெடையாது வே."

எப்போது வரும் என்று கேட்டேன்.

"மத்தது கொறையணும்."

நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

மறுவாரம் முருகன்குறிச்சியில் குடம் நிரம்பி வழிந்தது. எடுக்க ஆள் இல்லை. சமாதானபுரத்தில் ஒரு சட்டை பாதி உதறிய நிலையில் கொடியில் கிடந்தது. கேட்டால், அட்டையைக் கரையான் தின்றுவிட்டது என்றார்கள். பழைய பேப்பரோடு போய்விட்டது என்றார்கள். யாரும் அழவில்லை.

நிறுத்தச் சொல்ல அண்ணாச்சியிடம் ஓடினேன். கடை அன்றைக்கு மிக நீளமாக இருந்தது. அவர் மேசையை அடைவதற்குள் தெருவில் வெயில் தாழ்ந்துவிட்டது. தான் எதுவும் செய்யவில்லை என்றார். ஆசைப்பட்டது நான்தான் என்று நினைவுபடுத்தினார்.

வீட்டுக்கு வந்தேன். ஊரில் மிச்சம் ஒரே ஒரு தம்பி. கூடத்தில் சுவரோடு ஒட்டி நின்றான். என் மனைவி எஸ்தர் காப்பி கொடுத்தாள். சீனி போட்டுக் குடிப்பானா என்பது அவனுக்கே தெரியவில்லை.

"அண்ணே, நான் இந்த வீட்டுத் தம்பிதானா?"

அவன் மோவாயைத் தூக்கிப் பார்த்தேன். சின்ன வயதில் நான் எறிந்த பந்து பட்ட தழும்பு இருந்தது. அது அட்டையிலும் அச்சாகியிருந்தது. அதனால் எல்லாரிடமும் இருந்தது.

ஆமாம் என்றேன்.

அண்ணாச்சி, அட்டைகளுக்குப் போடுவது போன்ற ஆளுயரப் பிளாஸ்டிக் உறையோடு உள்ளே வந்தார். நான் கதவைத் திறக்கவில்லை. எஸ்தரும் திறக்கவில்லை.

"விக்க மாட்டேன் அண்ணாச்சி."

"யாரு விக்கச் சொன்னா? பாதுகாக்கணும்லா."

உறையை அவன் தலைவழியே பதமாக இறக்கினார். சுருக்கம் விழாமல் இருக்க ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன்.

"மூச்சு விடாம இருக்கச் சொல்லும். உள்ள ஆவி பிடிச்சா மதிப்பு போயிரும்."

நான் சொல்வதற்கு முன்பே தம்பி நிறுத்திக்கொண்டான்.